ஆண்டியப்பன் வம்சத்தின் எட்டுத் தூண் மாளிகை

ஒரு மனிதர் எந்த ஊரில் இருக்கிறார் என்பது, அவரை அந்த ஊரில் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று நான் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது விவரமில்லாத நினைப்பு. அதற்கு மனுப் போடவேண்டும், மனுவோடு தாத்தாவையும் சேர்த்து அனுப்பவேண்டும் என்பது, இந்தத் தீவுக்குச் சுதந்திரம் கிடைத்த பிறகுதான் எங்கள் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்துக்குத் தெரியவந்தது.

எனக்கு இரண்டு பெண்கள், கட்டிக்கொடுத்தாயிற்று. கடைசி மகன் கணேசமூர்த்தி. படிப்புச் சோதனை பாஸ் பண்ணி, சட்டையை இஸ்திரிப் பெட்டி போட்டு வைத்துக்கொண்டு, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் காலியாயிருந்த வாத்தியார் இடத்துக்குக் காத்திருந்தான். பிரஜாவுரிமைப் பத்திரத்தைக் காட்டினால் மறுநாளே வேலையில் சேரலாம் என்று கடிதம் வந்திருந்தது. அந்தக் கடிதத்தைச் சாமித் தட்டில் வைத்து, முருகா, இந்தப் பிள்ளை கையில் சுண்ணாம்புக் கட்டியைக் கொடுத்துவிடு, வேறொன்றும் கேட்கமாட்டேன் என்று தினமும் கும்பிட்டேன்.

மனுவில் பல கேள்விகள். தகப்பன் பிறந்தது எங்கே, தாத்தா வந்தது எப்போது, அத்தாட்சி என்ன. என் மாமனார் ஆண்டியப்பனின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக நாங்கள் ஒன்பது குடும்பம், ஐந்து தோட்டங்களில் இருந்தோம். ஒன்பது பேரும் ஒன்பது விதமாகச் சொன்னால் வில்லங்கமாகிவிடும். அதனால் குடும்பச் சரித்திரத்தை ஒருவர் எழுதி, எல்லாருக்கும் ஒரு பிரதி அனுப்புவது என்று முடிவாயிற்று. ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் என்பதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

லாபிர் நானா கடையில் ஒரு கொப்பி வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். மொத்தம் இரண்டரைப் பக்கம் வந்தது.

'ஆண்டியப்பன் பஞ்சத்தில் ஊரைவிட்டுக் கப்பலேறப் புறப்பட்டார். அங்கே அவருக்கு வீடு இல்லை, நிலம் இல்லை. வந்தபோது கையில் ஒரு சட்டியும் கழுத்தில் ஒரு தகரத் துண்டும் இருந்தன. தகரத்தில் தோட்டத்து இலக்கமும் ஆள் இலக்கமும் வெட்டியிருக்கும். காடு வெட்டினார், தேயிலைக் கன்று நட்டார். நட்ட மலைக்குக் கீழேயே அடக்கமானார்.' பிறகு பிள்ளைகள் பெயர், தோட்டத்து வரிசைக் குடியிருப்பில் எந்த லயத்தில் பிறந்தார்கள் என்ற விவரம். கடைசியில், 'எழுதியவள் மருமகள் பூரணி.'

அந்தத் தகரத் துண்டு எங்கள் வீட்டுச் சாமித் தட்டில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அதற்கும் ஒரு குங்குமம் வைப்பேன். இந்தத் தகரத்தைக் காட்டினால் போதும், கணேசுக்கு வேலை கிடைத்த மாதிரிதான் என்று நம்பினேன்.

பிரதி எடுக்குமுன் கொப்பி சொந்தக்காரர்களைச் சுற்றிவரப் புறப்பட்டது. முதலில் திரும்பி வந்தது கொப்பியல்ல, என் நாத்தனார் வீரம்மா.

"ஏ பூரணி, எங்கப்பாவப் பஞ்சத்துல வந்தவருன்னு எழுதிப்புட்டியே. உனக்கு மனசு வந்துச்சா?"

"பஞ்சத்துலதானே வந்தாரு. அவரே சொல்லியிருக்காருங்களே."

"அவரு ஆயிரம் சொல்லுவாரு. அதையெல்லாம் எழுதுறதா? எம் மகளுக்கு நுவரெலியாவுல மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம். அவங்க இதப் படிச்சா என்ன நெனைப்பாங்க? நிலத்தப் போடு. பன்னெண்டு ஏக்கரு."

கல்யாணக் காரியம் என்கிறார்களே, மனம் நோகக்கூடாதே என்று பன்னிரண்டு ஏக்கர் போட்டேன்.

அடுத்து வந்தவர் என் கொழுந்தனார் மாயாண்டி. கந்தப்பளைத் தோட்டத்தில் கங்காணி. கோட்டுப் போட்டுக்கொண்டுதான் எங்கேயும் போவார்.

"மதினி, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா பன்னெண்டு ஏக்கரு வச்சிருக்கிறவன் குடிசையிலயா இருப்பான்? யோசிச்சுப் பாருங்க."

"குடிசையும் இல்லீங்க தம்பி. மரத்தடிதான்."

"எட்டுத் தூண் வச்ச மாளிகைன்னு போடுங்க."

"அவ்வளவு தூண் எதுக்கு?"

"நாலு தூண் வச்சா மாட்டுக் கொட்டகைன்னு சொல்லுவாங்க மதினி."

தூண் வந்தபிறகு, தூணில் கட்ட யானை வேண்டியதாயிற்று. யானை வந்தபிறகு, அதில் ஏறியவர் சும்மா ஏறியிருக்கமாட்டார் என்று போர் வந்தது. போரில் ஜெயித்தவருக்கு மன்னர் ஏதாவது கொடுத்திருக்கவேண்டுமே என்று மாயாண்டித் தம்பி சுற்றுமுற்றும் பார்த்தார். சாமித் தட்டு கண்ணில் பட்டது.

"அந்தத் தகரம் இருக்கே!"

"தம்பி, அது தோட்டத்துத் தகரம். கணேசு வேலைக்கு அதுதான் அத்தாட்சி."

"அத்தாட்சிதான் மதினி. வீரத்துக்கு அத்தாட்சி."

என் வீட்டுக்காரர் சோலைமலை அதிகம் பேசமாட்டார். அன்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "அப்ப அந்தச் சட்டி என்னாச்சு?"

"அத எடுத்துட்டோம் அண்ணே. வம்சத்துக்கு அழகில்ல."

சட்டியோடு நானும் போய்விட்டேன். வம்சம் என்றால் ஆண் வழியில்தான் சொல்லவேண்டும், வந்த மருமகள்களையெல்லாம் சேர்த்தால் புத்தகம் பெருத்துவிடும் என்று, எந்த இடத்திலும் பெண்கள் பெயர் வராமல் பார்த்துக்கொண்டார். கடைசி வரியும் மாறிற்று. 'எழுதியவர் மாயாண்டி.' எனக்கு அதில் வருத்தமில்லை. அந்த யானையை நான்தான் எழுதினேன் என்று யாரும் சொல்லாமலிருந்தால் போதும் என்றிருந்தது.

அட்டன் டவுனில் ஒரு அச்சுக்கூடத்தில் நூறு பிரதி அடித்தார்கள். ரோஸ் கலர் அட்டை. 'ஆண்டியப்பன் வம்ச சரித்திரம்' என்று பெரிய எழுத்து. அதைப் பார்த்த மற்றக் குடும்பங்களுக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று மாதத்துக்குள் சரித்திரம் இல்லாத வீட்டில் பெண் எடுப்பதில்லை என்ற நிலை உண்டாயிற்று. எங்கள் எட்டாம் நம்பர் லயத்தில் மட்டும் நான்கு ஜமீன். ஏழாம் நம்பரில் ஒரு சேனாதிபதி. மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குடம் வைப்பதற்குப் பரம்பரை முறைப்படி வரிசை பார்க்கத் தொடங்கினார்கள்.

லாபிர் நானா கடையில் புத்தகங்கள் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தன. அவர் ஒரு நாள் கேட்டார். "தங்கச்சி, எனக்கு ஒரு சந்தேகம். இத்தனை ஜமீன்தாரும் கப்பலேறி இங்க வந்திட்டா, அங்க யாரு உழுதது?"

நான் சீனி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இவ்வளவோடு நின்றிருந்தால் முருகன் காப்பாற்றியிருப்பார். ஆனால் மாயாண்டித் தம்பி, நாம் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை என்பது அதிகாரிக்கும் தெரியட்டும் என்று, எலுமிச்சம்பழத்தோடு ஒரு பிரதியை விசாரணை நடக்கும் அரசாங்கக் கந்தோரில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

விசாரணை நாளன்று ஒன்பது குடும்பமும் பஸ் ஏறி நுவரெலியாவுக்குப் போனோம். தகரத்தை மஞ்சள் துணியில் முடிந்து மடியில் வைத்திருந்தேன். விசாரணை ஐயா மூக்குக்கண்ணாடி போட்டவர், அமைதியானவர், தமிழ் நன்றாகவே பேசுவார். அவர் மேசைமேல் ரோஸ் கலர் அட்டை இருந்தது. ஓரங்களெல்லாம் மடித்துக் குறித்திருந்தார். எங்கள் சொந்தக்காரர்கள்கூட அதை அவ்வளவு சிரத்தையாகப் படிக்கவில்லை.

என் வீட்டுக்காரரையும் கணேசையும் கூப்பிட்டார். நானும் பின்னால் போய் நின்றேன்.

"சோலைமலை, உங்கள் தகப்பனார் எப்போது இந்நாட்டுக்கு வந்தார் என்பதற்கு அத்தாட்சி?"

நான் முடிச்சை அவிழ்த்துத் தகரத்தை வைத்தேன்.

"இது என்ன?"

"தகரமுங்க ஐயா. மாமனார் கழுத்துல கட்டிக்கிட்டு வந்தது. தோட்டத்து நம்பரு இருக்குங்க."

ஐயா புத்தகத்தைப் புரட்டினார். "பதினோராம் பக்கம். 'மன்னர் பெருமான் அன்னாரின் வீரத்தை மெச்சி அணிவித்த பதக்கம் இன்றும் குடும்பத்தாரால் பூசிக்கப்படுகிறது.' இதில் குங்குமம் இருக்கிறதா இல்லையா?"

"இருக்குங்க."

"பூசிக்கிறீர்கள். ஆகவே பதக்கம்."

"பாத்தாலே தகரம்னு தெரியுதுங்களே ஐயா."

"அம்மா, பார்த்து முடிவு செய்வதாக இருந்தால் இந்தக் கந்தோரே தேவையில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னார்.

கணேசு துடித்துப்போய், "ஐயா, நான் இங்கதான் பொறந்தேன். எங்கப்பாவும் இங்கதான் பொறந்தாரு. இந்த மலையத் தவிர எங்களுக்கு வேற ஊரு தெரியாது" என்றான்.

"தம்பி, உங்களுக்கு அங்கே எட்டுத் தூண் மாளிகை இருக்கிறது. இங்கே எத்தனை தூண்?"

"இங்க லயத்துல ஒரு அறைங்க. பத்தடிக்குப் பன்னெண்டடி."

"மாளிகை உள்ளவன் பத்தடி அறையை நிரந்தர வீடாகக் கொள்வானா? நிச்சயமாகத் தற்காலிகமாகத்தான் தங்கியிருக்கிறீர்கள்."

"அம்பது வருஷமாவாங்க ஐயா?"

"உங்கள் பொறுமையைப் பாராட்டுகிறேன். அந்த யானையை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்?"

கணேசு வாசலில் நின்ற சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாளிகையே பொய்யிங்க ஐயா" என்று என் வீட்டுக்காரர் ஒருவழியாகச் சொன்னார்.

ஐயாவின் முகம் வாடிவிட்டது. "அச்சில் வந்திருக்கிறது" என்றார்.

மற்றப் பெண்களெல்லாம் புருஷன் மனுவிலேயே அடங்கியிருந்தார்கள், நான் மட்டும் தனியாக மனுப் போட்டிருந்ததால் கடைசியில் என்னையும் கூப்பிட்டார்.

"உங்கள் மூதாதையர்?"

"அப்பாவும் அம்மாவும் இதே தோட்டந்தாங்க. அதுக்கு மேல தெரியாதுங்க."

"தெரியாது. நல்லது" என்று எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் கேட்டார்.

ஆறு மாதம் கழித்துத் தீர்ப்புகள் தபாலில் வந்தன. ஒன்பது குடும்பத்துக்கும் நிராகரிப்பு. காரணம்: வெளிநாட்டில் நிலம், மாளிகை, யானை. கடைசி உறை என் பெயருக்கு. கணேசு வாசித்தான்.

"'மேற்படி பூரணி என்பவர் மேற்படி நூலில் எவ்விடத்தும் குறிப்பிடப்படவில்லை. ஆதலால் அன்னாருக்கு வெளிநாட்டில் யாதொரு சொத்தும், யானையும், முன்னோரும் இல்லை என்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகிறது. பிரஜாவுரிமை வழங்கப்படுகிறது.'"

லயத்தில் ஒரே பிரஜை நான். ராத்திரிச் சோற்றை இரண்டு அந்நியர்களுக்குப் போட்டேன்.

மறுவாரமே மாயாண்டித் தம்பி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்.

"மதினி, ரெண்டாம் பதிப்பு கொண்டுவரப் போறோம். வம்சம் உங்ககிட்ட இருந்துதான் ஆரம்பிக்குது. கேளுங்க. 'இத்தீவிலேயே சுயம்புவாகத் தோன்றிய பூரணி அம்மாள்...'"

"தம்பி! எனக்கு அப்பா அம்மா இருந்தாங்க."

"இருக்கட்டும். சொல்லாதீங்க. சொன்னா அவங்களப் பெத்தவங்க எங்க பொறந்தாங்கன்னு கேப்பான்."

"முருகனுக்கே அப்பா அம்மா உண்டு தம்பி."

"முருகன் மனுப் போடலையே மதினி."

பதிப்பு வந்தது. கந்தோரும் அதை ஏற்று, ஒரு பிரதியைப் பெற்றுக்கொண்டு, பிரஜாவுரிமை தகப்பன் வழியாகத்தான் இறங்கும், தாய் வழியாக இறங்காது என்று பதில் அனுப்பியது. கூடவே எனக்கு ஒரு படிவம்: 'உமது வீட்டில் தங்கியுள்ள அந்நியர் பற்றிய விவரம்.' அதைக் கொண்டுபோய் ஐயா முன்னால் நின்றேன்.

"கணேசமூர்த்தி என்ற இந்த அந்நியரை உங்களுக்கு எவ்வளவு காலமாகத் தெரியும்?"

"இருபத்துமூணு வருஷமும் பத்து மாசமுங்க."

ஐயா பிறந்த தேதியைப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார். "இருபத்துமூன்று வருஷம்தான் வருகிறது. அந்தப் பத்து மாதத்துக்கு அத்தாட்சி உண்டா?"

இல்லை என்றேன். பேனாவால் அந்தப் பத்து மாதத்தை அடித்துவிட்டார்.

வாத்தியார் வேலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்த இடத்துக்குப் பிரஜை ஒருவரைத்தான் நியமிக்கலாம் என்பது விதி. தோட்டத்தில் தேடினார்கள். ஒருவர்தான் இருந்தார். ஐந்தாம் வகுப்புவரை படித்த நான் இப்போது ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். கணக்கு வரும்போது ஜன்னலுக்கு வெளியே நின்று அந்நியர் விடை சொல்லிக் கொடுப்பார். முருகனிடம் நான் கேட்டது சுண்ணாம்புக் கட்டி. கொடுத்துவிட்டார். யார் கையில் என்பதை மனுவில் சரியாகக் குறிப்பிடாதது என் தவறு.

முதல் நாளே பெரிய ரெஜிஸ்தர் ஒன்று வந்தது. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், அதற்கடுத்து, 'பாட்டனார் யார், எங்கிருந்து வந்தார்.' முன் வரிசையில் இருந்த நாகலெட்சுமியைக் கேட்டேன். அது எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, தன் வீட்டு வம்ச சரித்திரத்தில் படித்ததை அப்படியே சொன்னது.

"எங்க தாத்தா ராசாங்க டீச்சர். யானை வச்சிருந்தாரு."

"எங்களுக்கு ரெண்டு யானை டீச்சர்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

முப்பத்தொரு பிள்ளைகள். முப்பத்தொரு ராசா. நான் பிள்ளையார் சுழி போட்டு, முப்பத்தொரு கட்டத்திலும் 'தெரியாது' என்று எழுதினேன். பிறகு நாகலெட்சுமியைப் பார்த்து, விசாரணை ஐயா சொன்ன மாதிரியே, "நல்லது, உட்காரு" என்றேன்.