வயிற்றிலிருந்து எடுத்து மார்பில் நட்டது

குடவாசல்,
செவ்வாய்க்கிழமை

மாதாவின் தயவில் சுகமாயிருக்கும் அன்பு அக்காவுக்கு, தங்கை பாத்திமா மேரி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு மாடுகளும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழுதுவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். நீ புறப்பட்டு வரவேண்டிய அவசியமே இல்லை. புற்றுநோய்க்காக எடுத்த இடது மார்புக்குப் பதிலாக என் வயிற்றுச் சதையையே எடுத்து, ரத்தக் குழாய்களை இணைத்து வைத்துத் தைத்தார்கள் அல்லவா, அது மறுநாளே நீலம் பாய்ந்துவிட்டது. டாக்டரம்மா படம் போட்டு விளக்கும்போது இவர் குறுக்கே புகுந்து, "தண்ணி வர்ற வாய்க்கா சரியாத்தான் இருக்குங்க, வடிகாதான் அடைச்சுக்கிட்டு நிக்கிது" என்றார். அதேதான் என்று அந்தம்மாவும் சொல்லித் தொலைத்தார். மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய் அடைப்பை எடுத்ததும் சதைக்கு உயிர் வந்தது. இவருக்கு நடையே மாறிப்போய், வராந்தாவில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஆபரேஷன் சொல்லிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம் குறுவை நடவு. முதல் முடி நாற்றை நான் தொட்டு நட்டால்தான் விளையும் என்று எனக்கு ஒரு பேர் இருக்கிறதே. வயிற்றில் நீர் வடிகிற குழாய் இன்னும் இருந்தது. அதன் டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு வயலில் இறங்கிக் குனிந்தேன், ஒரே ஒரு முடிதான், வயிற்றுத் தையல் இரண்டு அங்குலத்துக்கு விட்டுக்கொண்டது. ஒரு மாதம் தினமும் கட்டு. குனியக் கூடாது என்றீர்களே தவிர நடக்கூடாது என்று சொல்லவில்லையே என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன். பயிர் என்னவோ பிரமாதம்.

இப்போது புது மார்பில் கோலிக்குண்டு அளவு ஒரு கட்டி. ரத்தம் எட்டாத கொழுப்பு செத்துக் கெட்டியாகிவிடுமாம், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்குமாம். எதற்கும் பார்ப்போம் என்று ஊசி வைத்து அதில் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். திங்கட்கிழமை ரிசல்ட். அன்றைக்கு நமக்கு அறுப்பு மிஷின் வருகிறது, இவரை வயலில் இருக்கச் சொல்லிவிட்டேன். தனியாகவே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்துவிடுவேன். எனக்குக் கொஞ்சமும் பயமில்லை.

அத்தானுக்கு என் தோத்திரம். ஆல்பினுக்கும் ஆஷ்லினுக்கும் சித்தியின் நெற்றிச் சிலுவை.

உன் தங்கை,
பாத்திமா மேரி

பின்குறிப்பு: மேலே எழுதியதை நம்பாதே. கட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அந்த இடமே கன்றிக் கிடக்கிறது. இவர் என் முகத்தைப் பார்த்தாலே உடைந்துபோகிறார், அதனால்தான் மிஷினைச் சாக்குச் சொன்னேன். ஞாயிறு பூசைக்கு முன்னால் வந்துவிடு அக்கா. அந்தக் காகிதத்தை என்னால் பிரிக்க முடியாது. நீதான் பிரித்துப் படிக்க வேண்டும்.