முதல் நம்பர் முனியப்பனும் நம்பர் இல்லாத மாப்பிள்ளையும்

ஆத்தூர் ரோடு,
மார்ச் 28

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மாடி வீட்டில் குடியிருக்கும் என் மதிப்பிற்குரிய மச்சான் ஜெகதீஸ்வரன் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் தங்கை மைதிலி சுகம். ஜவ்வரிசி மில் சுகம். மரவள்ளிக் கிழங்கு வரத்து சுகம். என்னைப் பற்றித் தாங்கள் கேட்கும் வழக்கமில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

இருபத்திரண்டு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். போதும். தினம் மூன்று முறை போனில் பேசுகிற மனிதருக்கு எதற்குக் கடிதம் என்று தாங்கள் நினைக்கலாம். போனில் பேசினால் தாங்கள்தான் பேசுகிறீர்கள். கடிதத்தில்தான் நான் மட்டும் பேச முடிகிறது. தங்கள் புதுமனை புகுவிழாவில் என்னை வாசலில் நிறுத்திக் கார்களுக்குக் கை காட்ட வைத்ததையும், நான்கு மணி நேரம் கழித்து நான் பந்திக்குப் போனபோது ரசம் மட்டுமே மிச்சம் இருந்ததையும் இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் குரூப் போட்டோவில் என் இடது தோள் மட்டும் விழுந்திருப்பதையும் எழுதப் போவதில்லை. விஷயம் வருஷக் கடைசிச் சம்பளக் கணக்கு.

ஆடிட்டர் சபரிநாதன் சொன்னபடி, மார்ச் முடிவதற்குள் சம்பளப் பதிவேட்டிலிருந்து எல்லாப் பெயர்களையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று தாங்கள் ஒரு சாப்ட்வேர் வாங்கி அனுப்பினீர்கள். அதில் நாற்பது பேருக்குத்தான் இடம் உண்டு. நாற்பத்தொன்று என்றால் இன்னும் ஆறாயிரம் ரூபாய் கட்ட வேண்டுமாம். "நாப்பதுக்குள்ள முடிங்க மாப்ளே" என்றீர்கள். நானும் ஆதார் அட்டை, பேங்க் பாஸ்புக், பிஎஃப் நம்பர் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தேன். முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது. நம்பர் ஒன்று, முனியப்பன், இரவுக் காவல்.

தங்கள் தந்தை வேலுசாமி ஐயா மில் ஆரம்பித்த வருஷம், களத்தில் காயப் போட்ட ஜவ்வரிசி மூட்டை மூட்டையாகத் திருட்டுப் போயிற்றாம். மேற்கு மூலைப் புளியமரத்தடியில் முனியப்பனுக்குக் கல் நட்ட அன்றோடு திருட்டு நின்றதாம். வேலை பார்த்தவருக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று ஐயா அவரையே முதல் ஆளாகப் பதிவேட்டில் எழுதி மாதம் அறுபது ரூபாய் சம்பளம் போட்டார். இதெல்லாம் எனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் மற்ற காவல்காரர்களுக்குக் கூலி ஏறும்போதெல்லாம் இவருக்கும் ஏற்றி, சாமிக்குப் போட்டதைக் குறைக்கக் கூடாது என்று பயந்து பயந்து, இன்றைக்கு அது நாலாயிரத்து ஐந்நூறில் வந்து நிற்கிறது. எண்ணெய், கற்பூரம், மாலை, வருஷத்துக்கு ஒரு கிடா. மிச்சத்தைக் களத்து மேஸ்திரி பூவாத்தாள் ஒரு தூக்குவாளியில் போட்டு வைத்துக் கணக்குச் சொல்கிறாள். அந்தக் கணக்கு நம் கணக்கைவிடச் சுத்தமாக இருக்கிறது.

சாப்ட்வேர் இதையெல்லாம் ஒப்புக்கொள்ளவில்லை. பிறந்த தேதி கேட்டது. கல் நட்ட தேதியைக் கொடுத்தேன். வயது முப்பத்துநாலு என்று போட்டுக்கொண்டது. ஆதார் கேட்டது. தகப்பன் பெயர் கேட்டது. திருமணம் ஆனவரா என்று கேட்டது. அதற்கு மேல் நானாக எதையும் நிரப்பத் துணியவில்லை. ஆடிட்டரைக் கூப்பிட்டேன். அவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏனுங் சார், இவரு ஒரு நாள் கூட லீவே எடுக்கலீங்களா?"

"இல்லீங்க."

"வார லீவு கூடக் குடுக்காம ஒருத்தர முப்பத்தி நாலு வருசம் வேலை வாங்கியிருக்கறீங்கன்னு லேபர் ஆபீசர் வந்து கேட்டா என்ன சொல்றது? அது போகட்டும். ஆளே இல்லாத பேர்ல சம்பளம் போகுதுன்னா அதுக்கு வேற அர்த்தமுங்க. பேரை எடுத்துருங்க. சாமி செலவைச் சாமி செலவுன்னே எழுதிக்கலாம்."

உடனே தங்களுக்குப் போன் செய்தேன். தாங்கள் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "சாமியப் போயி வேலைய உட்டு நிறுத்தறதா? எங்கப்பன் வெச்ச ஆளுங்க மாப்ளே அது. உங்களுக்கும் எனக்கும் அந்த அதிகாரம் இல்லீங்க. பூ வெச்சுக் கேளுங்க. வெள்ளை வந்தா எடுத்துருங்க, செவப்பு வந்தா எடுக்கக் கூடாது."

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆத்தூரில் மைதிலி பார்த்து வைத்திருக்கும் இரண்டு ரூம் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. பேங்கில் லோன் கேட்டேன். அங்கே இருந்த பெண் மிகவும் மரியாதையாக, "சார் என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாள். மேனேஜர் என்றேன். "ஒரு சம்பளச் சீட்டு கொண்டு வாங்க சார், மார்ச் மாசத்துச் சீட்டே போதும்" என்றாள். மாதாமாதம் முப்பத்தொன்பது பேருக்குச் சம்பளச் சீட்டு அடிக்கிற கை இது. எனக்கு ஒன்று அடிக்கலாம் என்று வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு நம்பரே இல்லை. எம்.காம். படித்த மனிதன், இருபத்திரண்டு வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்தவன், காகிதத்தைப் பார்த்தால் வேலையில்லாதவன். என் சம்பளம் மாதம் முதல் தேதி ஒரு கவரில் வருகிறது. கவர் என் கைக்கு வருவதில்லை. "செலவுக்கு வெச்சுக்க சாமி" என்று தாங்கள் மைதிலி கையில் கொடுக்கிறீர்கள். நான் கிழங்கு லாரிக்கு எடை போட்டுச் சம்பாதித்தது என் மனைவிக்குப் பிறந்த வீட்டுச் சீராக வந்து சேர்கிறது. தீபாவளிக்கு எல்லோருக்கும் போனஸ். எனக்கு வேட்டி சட்டை.

பொங்கலுக்கு வந்தபோது தங்களிடம் இதைச் சொன்னேன். தாங்கள் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "மாப்ளைக்குச் சம்பளம் போட்டா நாலு சனம் என்ன பேசும்? தங்கச்சி ஊட்டுக்காரரக் கூலிக்கு வெச்சிருக்கறான்னு சொல்ல மாட்டாங்களா? இதெல்லாம் நம்மளுதுங்க" என்றீர்கள். நம்மளுது என்று பேங்கில் எழுதிக் கொடுக்க முடியாது. மில்லில் என்னை ஒருவர்கூட மேனேஜர் என்று கூப்பிடுவதில்லை. கேட்டில் நிற்கிறவன் முதல் ஜவ்வரிசி சலிப்பவள் வரை எல்லோருக்கும் நான் 'மாப்ளை'தான். யாருக்கு மாப்பிள்ளை என்று கேட்டால் மில்லுக்கே என்பார்கள் போல.

முப்பத்தொன்பது ஆட்கள், முனியப்பன் ஒருவர், ஆக நாற்பது. சாப்ட்வேர் நிரம்பிவிட்டது. அவர் போனால்தான் ஓர் இடம் காலியாகும். சாமியோடு வேலைக்குப் போட்டி போடும் நிலைமை என் படிப்புக்கு வந்திருக்கிறது.

தங்களுக்குப் போன் செய்த அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பதிவேட்டின் முன் உட்கார்ந்திருந்தேன். இந்த மாதத்து வெயிலில் நம் களம் எப்படி இருக்கும் என்பது ஃபேர்லேண்ட்ஸுக்குப் போன பிறகு தங்களுக்கு மறந்திருக்கலாம். நான்கு ஏக்கருக்கு வெள்ளை. மேலே வானமும் வெளுத்துப்போய், எது களம் எது வானம் என்று கோடு தெரியாது. பெண்கள் பலகையால் ஜவ்வரிசியை இழுக்கும் சத்தம் மட்டும் தூரத்தில் மழை வருகிற மாதிரி வந்துகொண்டே இருக்கும். அந்த வெள்ளைக்குள்ளிருந்து அவர் நடந்து வந்தார். பெரிய மீசை, பெரிய கண், தோளில் அருவாள். ஜவ்வரிசி மேல்தான் நடந்தார், ஆனால் ஒரு மணிகூட நசுங்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார், அது முனகியது. ஃபேன் காற்றில் பக்கம் பறக்கிறதே என்று அருவாளை எடுத்துப் பதிவேட்டின் மேல் வைத்தார்.

"ஏனப்பா மாப்ளே, என்ற கணக்கெல்லாம் சரியா இருக்குதா?" என்றார். அவரும் மாப்ளே.

"வார லீவு மட்டும் பாக்கி இருக்குதுங்க சாமி. ஆயிரத்து எழுநூத்தி அறுவத்தெட்டு நாள்."

"அடேங்கப்பா. அத்தனையும் எடுத்தா எங்க போறது? ஏற்காடு குளுருமா?" என்று யோசித்தார். அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன்ற நெம்பரு என்ன?"

"எனக்கு நெம்பரு இல்லீங்க."

"நெம்பரு இல்லாதவன் எப்படி உள்ளார வந்தே? முப்பத்தி நாலு வருசமாக் கேட்டுக்குக் காவல் நிக்கறேன், என்ற கண்ணுல படாம எப்படி நுழைஞ்சே?"

"கண்ணாலம் பண்ணிக்கிட்டு நுழைஞ்சனுங்க" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சம்பளக் கட்டத்தில் பெருவிரலை அழுத்தினார். மை இல்லை, மாவுதான். விழித்துப் பார்த்தால் அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறது. அது என் கன்னத்துப் பவுடராகவும் இருக்கலாம். நான் படித்தவன், எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை பூ வைத்தோம். பூவாத்தாள் வெள்ளரளியும் செவ்வரளியும் பறித்து வந்து, இரண்டு காகிதத்தில் மடித்துக் கல்லின் காலடியில் வைத்தாள். சம்பந்தமில்லாத ஆள் எடுக்க வேண்டும் என்று ஆடிட்டரைப் பிடித்தோம். பாவம், செருப்பைக் கழற்றிவிட்டுக் கொதிக்கிற சிமெண்டில் குதித்துக் குதித்து வந்து முதலில் அகப்பட்ட பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. பெண்கள் குலவை போட்டார்கள். முனியப்பன் வேலையிலிருந்து விலகிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, ஏனென்று தெரியவில்லை.

முதல் நம்பர் காலியாகிச் சில நாட்கள் ஆகின்றன. அந்த இடத்தில் யாரைப் போடுவது என்று தாங்கள் சொல்லவில்லை. "பூ என்ன வந்துச்சு?" என்று கேட்டீர்கள், "செரி" என்று வைத்துவிட்டீர்கள். என் பெயரை நானே எழுதிக்கொள்ள மாட்டேன். தன்னைத் தானே வேலைக்கு வைத்துக்கொள்ளும் அளவுக்கு நான் இறங்கவில்லை. முப்பத்தொன்றாம் தேதிக்குள் அந்த வரியில் தாங்களாக என் பெயரைப் போடச் சொல்லவில்லை என்றால், ஏப்ரல் முதல் தேதி நான் இந்த கேட்டுக்குள் கால் வைக்கப் போவதில்லை. வீடு போகட்டும், அட்வான்ஸ் போகட்டும். கெங்கவல்லியில் ஒரு அரிசி ஆலைக்காரர் கணக்கெழுத ஆள் தேடுகிறார். அவருக்குத் தங்கை இல்லை என்று விசாரித்துவிட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பேத்திக்கு என் முத்தம். தங்கள் சர்க்கரை அளவு கட்டுக்குள் இருக்கவும், தங்கள் மில் இன்னும் நூறு வருஷம் வெள்ளையாகவே காயவும் அந்த வேலையிழந்த முனியப்பனை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,

பின்குறிப்பு (மார்ச் 30): முந்தாநாள் மேலே 'இப்படிக்கு' என்று எழுதிப் பேனாவைத் தூக்கியபோது பூவாத்தாள் வந்தாள். பிரிக்காமலே கிணற்றில் போட வேண்டிய இரண்டாவது பொட்டலம் புளியமரத்தடியிலேயே கிடந்ததாம், என்ன செய்வது என்று கேட்டாள். வாங்கிப் பிரித்தேன். அதிலும் வெள்ளை.

"ஏம்மா, சாமிகிட்டயே ஏமாத்து வேலையா?" என்று கத்தினேன்.

"நானா ஏனுங் செய்யறேன்? சேலத்துப் பெரியவரு போனு போட்டாருங்க. 'பூவாத்தா, ரண்டுலயும் வெள்ளையே வெய்யி. நானாப் போட்டா மாப்ளை கூலிக்காரராயிருவாரு. சாமி எந்திரிச்சு எடங் குடுத்தா ஆருங் கேக்க முடியாது. எளுதிக்கச் சொல்லு, நாஞ் சொன்னேன்னு மட்டும் சொல்லாத'ன்னாருங்க. இந்த வாய்தான் நிக்க மாட்டீங்குது."

"சாமிக்குத் தெரியுமா இது?"

"மின்ன வியாழக்கிழமையே சொல்லிப் போட்டனுங்க. புடிக்கலீன்னா பல்லி கத்தியிருக்குமில்ல? கம்முனுதான் இருந்தாரு."

பதிவேட்டை எடுத்தேன். முதல் வரியில் என் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கம்ப்யூட்டரிலும் முனியப்பன் இடத்தில் ஏற்றிவிட்டுப் பதவியைத் திருத்த முயன்றேன். சாப்ட்வேர் ஏப்ரல் வரை விடாதாம். ஆகவே மார்ச் மாதச் சீட்டில் நான் இரவுக் காவல். பேங்க் பெண்ணிடம் நானே விளக்கிக்கொள்கிறேன். கெங்கவல்லிக்காரருக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ரசம் விஷயம் உண்மை, தோள் விஷயம் உண்மை, ஸ்டாம்பும் ஒட்டியாகிவிட்டது. தாங்கள் தங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றீர்கள். நானும் என் பெயரைப் போடவில்லை. யார் எழுதியது என்று தேடித் தாங்கள் சிரமப்பட வேண்டாம், தங்களுக்கு இருப்பது ஒரே தங்கை. 'இப்படிக்கு'க்குக் கீழே உள்ள இடத்தை அப்படியே காலியாக விட்டு உறையை ஒட்டிவிட்டேன். சாயங்காலத் தபாலில் போகிறது.