மைதானத்தில் நான் கூப்பிட்ட மாடு

அயோவா, 1904 நவம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை

அன்பும் அச்சமும் ஒருசேரக் கொண்டு என் அக்கா ஓலேனாவுக்குத் தம்பி ஹல்வோர் எழுதிக்கொள்வது: ஆண்டவர் கிருபையால் கல்லூரிக்கு எதிரே உள்ள விடுதியில், வலது முழங்கால் நீங்கலாக, சுகமாக இருக்கிறேன். அங்கே பண்ணையில் நீயும் பதினோரு மாடுகளும் சுகமென்று நம்புகிறேன். சிவப்புக் கிடாரிக்கு இருமல் நின்றதா?

"பையனோட வா, இல்லன்னா நீயும் வராதே" என்று சொல்லி அனுப்பினாயே, அந்தக் காரியத்தைத்தான் எழுதப்போகிறேன். உட்கார்ந்து படி. வெள்ளிக்கிழமை ரயிலடிக்கு நம் பையன் சீவெர்ட் வந்திருந்தான். இளைத்துப்போயிருக்கிறான். நீ சுட்டுக் கொடுத்தனுப்பிய லெஃப்சே ரொட்டி பன்னிரண்டையும் அவன் கையில் கொடுத்தேன். பதினொன்றைத் தன் அணிப் பையன்களுக்குப் பிய்த்துக் கொடுத்துவிட்டு ஒன்றைத் தின்றான். இவன் பந்தயத்தில் கால் மைல் ஓடிப் பரிசு ரிப்பன் வாங்கிய வரைக்கும் நாம் ஒன்றும் சொல்லவில்லை, ஓடத் தெரிந்தவன் மாடாவது திருப்புவான் என்று விட்டுவிட்டோம். நன்றாக ஓடுகிறான் என்ற ஒரே காரணத்துக்காக, பிறந்ததிலிருந்து ஆடியே அறியாத இந்த நாட்டுக் கால்பந்துக்கு இவனைப் பத்து வாரப் பயிற்சியாளனாக வைத்தார்களே, அதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்த ஆட்டத்தில் ஓட்டம் எங்கே இருக்கிறது? ஒருவன் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நாலடி போகிறான், பதினோரு பேர் அவன் மேல் ஏறி உட்காருகிறார்கள், பிறகு எழுந்து மறுபடியும் உட்காருகிறார்கள். பந்துகூட உருண்டை இல்லை அக்கா, பன்றித்தொடை மாதிரி இருக்கிறது. இரண்டு ஆட்டம் ஆடி இரண்டிலும் தோல்வி. மூன்றாவதையும் ஜெயிக்காவிட்டால் ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவோம் என்று கல்லூரித் தலைவர் என்னிடமே சொன்னார், நான் வருத்தப்படுவேன் என்று பயந்து மெதுவாகச் சொன்னார்.

சீவெர்ட்டும் அதையேதான் சொன்னான். "நாளைக்கு ஜெயிக்கலன்னா நானே பெட்டியக் கட்டிக்கிட்டு வந்துடறேம்பா. ஜெயிச்சா மட்டும் என்னக் கூப்பிடாதீங்க." நான் உடனே சரி என்றேன். எதிர் அணிக்காரர்களைப் பார்த்துவிட்டேன், ஒவ்வொருவனும் நம் களஞ்சியக் கதவு அகலம். இருந்தாலும் சனிக்கிழமை காலை மண்டியிட்டு, என் மகன் தோற்க வேண்டும் என்று மனமுருகி ஜெபித்தேன். சபை மூப்பர் ஜெபம், வீண்போகாது என்றுதான் இருந்தேன்.

இப்போது ஒரு விதி சொல்கிறேன், கேட்டுக்கொள். ஆட்டம் தொடங்கிவிட்டால் பயிற்சியாளன் வாயைத் திறக்கக் கூடாது. அவனோ அவனைச் சேர்ந்தவர்களோ ஓரத்திலிருந்து ஒரு யோசனை சொன்னாலும் நடுவர் அந்த ஓட்டம் செல்லாது என்று பந்தைப் பின்னுக்குக் கொண்டுபோய்விடுவார். வாரக்கணக்கில் தொண்டை கிழியக் கற்றுக்கொடுத்தவன் அன்றைக்கு மட்டும் ஊமை. வாய்க்குப் பூட்டு, ஆனால் இவன் கால்களை யார் பூட்டுவது? பந்தை எவன் எடுத்து ஓடினாலும் கோட்டுக்கு வெளியே இவனும் கூடவே ஓடுகிறான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் கடைசிக்கோட்டுக்குப் போய் நிற்கிறான். பக்கத்தில் நின்ற அம்மாள், "பேசாம அந்தாளுகிட்டயே பந்தக் குடுத்துத் தொலைச்சா என்ன?" என்றாள். அவன் யாரென்று நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொல்லிவிட்டேன்.

ஆட்டம் முடிய ஒரு நிமிஷமோ என்னவோ, இரு பக்கமும் பூஜ்யம். சீவெர்ட்டின் அணியில் ஆடுகிற நம் அடுத்த பண்ணைப் பையன் ஆஸ்லாக் கையில் பந்து. களஞ்சியக் கதவுகள் எல்லாம் வலப்பக்கம் திரண்டு வருகின்றன. இடப்பக்கம் ஒரு ஆள் இல்லை, யாரோ வேலிக்கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனது போலக் கிடக்கிறது. ஆஸ்லாக் பார்க்கவில்லை. சீவெர்ட் பார்த்துவிட்டான். பார்த்தவன் ஓடவில்லை அக்கா, அப்படியே நின்று தொப்பியைப் பல்லால் கடித்துக்கொண்டான். அந்த முகத்தை நான் முன்பு ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். அவன் அம்மாவை அடக்கம் செய்த அன்று, கோயிலுக்குள்ள அழக்கூடாது என்று ஆறு வயசுப் பிள்ளையிடம் நான்தானே சொன்னேன், அன்றைக்குப் பார்த்தேன். அப்புறம் நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. கோடிக்காட்டு மாட்டைக் கூப்பிடுகிற குரலில், நம் தாய்நாட்டுப் பாஷையில் கத்தியிருக்கிறேன்: "வென்ஸ்த்ரே! வென்ஸ்த்ரே! இடப்பக்கம் தொறந்து கெடக்குடா, போடா!" என் குரலுக்கு மாடு திருப்பியே வளர்ந்தவன் ஆஸ்லாக், சட்டென்று இடப்பக்கம் திரும்பினான். போனான். கடைசிக்கோட்டைத் தாண்டும் வரை அவன் சட்டையைக்கூட ஒருத்தன் தொடவில்லை.

நடுவர் விசில் ஊதிவிட்டார். சிகாகோக்காரர், காடி குடித்த முகம், வென்ஸ்த்ரே என்றால் நம் பாஷையில் இடப்பக்கம் என்று அவருக்கு எங்கே தெரியும். நேரே சீவெர்ட்டிடம் வந்தார்.

"அந்தப் பெரியவர் யாரு?"

"எங்கப்பா."

"என்ன சொல்லிக் கத்தினார்?"

பொய் சொல்லக் கூடாதென்று நாம் வளர்த்த பிள்ளை, வாயைத் திறக்கிறான். அவன் சொல்லியிருந்தால் போதும், அன்று மாலையே என்னோடு ரயிலேறியிருப்பான். காலையில் கேட்ட ஜெபத்துக்குப் பதில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. நான் முந்திக்கொண்டேன்.

"மாட்டக் கூப்பிட்டேன் ஐயா."

"மாடா?"

"எங்க பசு பேரு வென்ஸ்த்ரே. கறக்கற நேரமாச்சுன்னா வாய் தானா கூப்பிட்டுடும்."

"மாடு எங்க இருக்கு?"

"வீட்ல. நாப்பது மைலு."

"நாப்பது மைலுக்கா கூப்பிட்டீங்க?"

"அதான் சத்தத்தக் கேட்டீங்களே."

சனம் சிரித்தது. அவர் காதைத் தேய்த்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தைக் கணக்கில் கொண்டாரோ என்னவோ, வெற்றியைக் கொடுத்துவிட்டார். நாற்பது வருஷத்தில் நான் சொன்ன முதல் பொய் அக்கா. அதையும் பையனை வீட்டுக்கு வரவிடாமல் செய்வதற்காகச் சொன்னேன்.

விடுதி வரைக்கும் சீவெர்ட் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தான், என் முழங்காலுக்காக. மெதுவாக நடக்கவே தெரியாதவன். பாதி வழியில், "அப்பா, நம்ம வீட்ல வென்ஸ்த்ரேன்னு மாடு இல்லையே" என்றான். "இனிமே இருக்கும்" என்றேன். அவன் அழுதான். நானும் அழுதேன். கோயிலுக்கு வெளியேதானே, அழலாம் என்று விட்டுவிட்டேன்.

ஆகவே நாளை மாலை தனியாகத்தான் வருகிறேன், இந்தக் கடிதம் காலை ரயிலில் எனக்கு முன்னால் வருகிறது. கதவைத் திற. பனிக்காலத்துக்கு ஒரு கூலியாள் பார்த்துக்கொள்ளலாம். போதகரிடம் நானே எல்லாவற்றையும் ஒளிக்காமல் அறிக்கையிட்டுவிடுகிறேன். காட்டுமிராண்டி ஆட்டம் அது, இனி அந்த மைதானத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன், இது உறுதி. கர்த்தர் உன் கோபத்தைத் தணித்து, உன் அடுப்பையும் பால்குடங்களையும் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு, உன் கீழ்ப்படிந்த தம்பி,
ஹல்வோர்

பின்குறிப்பு: போதகர் வியாழக்கிழமை நம் வீட்டுக்குக் காப்பி குடிக்க வருகிறார். அதற்குள் சிவப்புக் கிடாரியைக் காலையும் மாலையும் "வென்ஸ்த்ரே" என்று கூப்பிட்டுப் பழக்கிவிடு, அவர் எதிரில் திரும்பிப் பார்க்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை இங்கே இன்னொரு ஆட்டம் இருக்கிறது. உனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டேன், உன் குரல் என் குரலைவிடத் தூரம் எட்டும். பழுப்புக் கிடாரி பேரில்லாமல்தானே திரிகிறது, அதற்கு "ஹொய்ரே" என்று வைத்துவிடு. வலப்பக்கமும் ஒருநாள் திறக்கும்.