என் மூக்கும் அறுபது முட்டைக்கோஸும்

இந்த வருஷம் கிம்ச்சி போடும் நாளில் ஒரு இலையைக்கூடத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். குளிர்காலம் முழுக்கத் தின்ன, மிளகாயும் பூண்டும் தடவிப் புளிக்கவைக்க, அறுபது முட்டைக்கோஸ். இரவெல்லாம் உப்புநீரில் ஊறி அவை தயார். நான்தான் தயாராக இல்லை. போன வருஷம் குனிந்த முதுகு பிப்ரவரியில்தான் நிமிர்ந்தது.

சாக்கு கையிலேயே இருந்தது. சியோலில் ஒரு பெரிய கடைக்கு ஒயின் பார்த்து வாங்கும் வேலை எனக்கு. ஆறு சாம்பிள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். போன தடவை நான் வாங்கிய ஒயின் இன்னும் கிடங்கில் தூங்குகிறது. இதுவும் தூங்கினால் என்னை டிஷ்யூ பேப்பர் பிரிவுக்கு மாற்றிவிடுவதாக மேனேஜர் பியோன் சொல்லியிருந்தார்.

"கும்ஹீ, பூண்டு வாசனை பட்டா என் மூக்கு செத்துடும். மூக்குதான் நம்ம சோறு," என்றேன் மனைவியிடம்.

"அப்படியா? ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கோங்க. நானும் எங்கக்காவும் பாத்துக்கறோம்."

போய்ச் சாத்திக்கொண்டேன். ஆறு கோப்பைகளில் ஊற்றி முகர்ந்தேன். மூன்றாவதில் அசந்துபோனேன். 'மழை ஓய்ந்த மலைக்காடு, பழைய மடாலயத்து ஈரம்' என்று நோட்டில் எழுதினேன். எழுதியதைப் படித்து எனக்கே கண் கலங்கியது. இரண்டாயிரம் பாட்டிலுக்கு ஆர்டர் சொல்லப் போனை எடுத்தேன். அப்போது கும்ஹீ வந்தாள், முழங்கை வரை மிளகாயும் பூண்டுமாக.

"கதவைத் திறக்காதேன்னு சொன்னேனே."

"கத்திரிக்கோலை எடுத்துட்டுப் போயிடறேன். ஏங்க, இங்க என்ன நனைஞ்ச அட்டைப்பெட்டி நாத்தம்?"

"அது மலைக்காடு."

"எது?" மூன்றாவது கோப்பைமேல் குனிந்தாள். "இதுதான். பாட்டில் கார்க் கெட்டுப்போய் ஒயின்ல நாத்தம் ஏறியிருக்கு. கல்யாணமான புதுசுல நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

அதே ஒயினில் இன்னொரு பாட்டில் இருந்தது. திறந்தேன். காடும் இல்லை, மடாலயமும் இல்லை. வெறும் புளித்த தண்ணீர்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. இரண்டு கையிலும் ஒரு வண்டிப் பூண்டு, அதையும் தாண்டி வேலை செய்கிற மூக்கு. பதினெட்டு வருஷமாக இந்த மூக்கோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், ஒரு நாள்கூட விழுந்து கும்பிடாமல்.

"அப்ப எதை வாங்கறது?" குரல் தானாகப் பணிந்துவிட்டது.

ஒவ்வொன்றிலும் ஒரு வாய் வைத்தாள். "அஞ்சாவது. இந்த வாரம் ஊரே அவிச்ச பன்றிக்கறியைப் புதுக் கிம்ச்சியில சுத்தித் தின்னும். அந்தக் காரத்துக்கு இதுதான் ஈடுகொடுக்கும். காட்டுக்கு ஒயின் வாங்காதீங்க, வீட்டுக்கு வாங்குங்க."

இருபது வருஷப் படிப்பு, பயிற்சி, பட்டயம், எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் கைகட்டி நின்றது. எனக்கு அவள்மேல் பக்தியே வந்துவிட்டது. அந்த வேகத்தில் மேனேஜரை அழைத்தேன்.

"சார், அஞ்சாவதுதான். நான் இல்ல சார், என் சம்சாரம் கண்டுபிடிச்சா. முழங்கை வரைக்கும் பூண்டு சார். அப்படியும் ஒரு வாசனை தப்பல. பூண்டால மூக்குக்கு ஒண்ணுமே ஆகாது சார். எழுதியே தர்றேன்."

போனை வைத்துத் திரும்பினேன். கும்ஹீ இன்னும் வாசலிலேயே நின்றாள்.

"எழுதியெல்லாம் தர வேண்டாம். இன்னும் நாப்பத்தேழு கோஸ் பாக்கி. வாங்க."