முக்காலிஞ்சுவின் சமையல் வேகன்

அந்தக் காலத்துக் கோலார் தங்க வயலில் துரைமார்களைக் கண்டு பயப்படாத ஆசாமி ஒரே ஒருவர்தான். அவர் முக்காலிஞ்சு. அவருடைய தைரியம் வீரத்தினால் வந்ததல்ல, கணக்கினால் வந்தது. ஆறடித் துரை எதிரே வந்து நின்று கத்தினால் எங்களுக்கெல்லாம் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவர் மட்டும் துரையை உச்சியிலிருந்து பூட்ஸ் வரை நிதானமாகப் பார்த்துவிட்டு, "நாலரை இஞ்சு, ரைட்டரே. அதுக்கு மேல ஒரு நூலு கெடயாது" என்று என் காதில் சொல்வார்.

சுரங்கத்து மரப்பட்டறையில் அவர் தச்சர். கல் ஏற்றும் டிரக்குகளைப் பழுது பார்ப்பது அவர் வேலை. கேட்டில் உட்கார்ந்து யார் வந்தார், யார் போனார் என்று எழுதுவது என் வேலை. டிரக்குகள் ஓடும் தண்டவாளம் இரண்டடி அகலம். அதை அடிக்கு முக்கால் இஞ்சு வீதம் சுருக்கி, ஒன்றரை இஞ்சு அகலத்தில் தன் வீட்டுக்குள்ளேயே ஒரு ரயில் போட்டிருந்தார் மனிதர். மனுஷர்களையும் அதே வீதத்தில்தான் அளப்பார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என் புத்தகத்தில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

வீடு என்றால் சுரங்கத் தொழிலாளர் லைனில் ஒரு தட்டி வீடு. இரண்டு பேர் கால் நீட்டினால் மூன்றாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். அதில்தான் தண்டவாளம் அரிசிப் பானையைச் சுற்றி, தட்டியில் ஒரு ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கே ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வரும். காலி வெடிமருந்துப் பெட்டிப் பலகையில் வண்டி, மண்ணெண்ணெய் டின்னில் கூரை, தேயிலைப் பெட்டியின் ஈயத்தை உருக்கி ஊற்றிய சக்கரம். எஞ்சின் மட்டும் அவருடைய சுண்டுவிரல்.

இருக்கிற வண்டியைப் பார்த்துச் செய்வதில் அவருக்கு ருசியே கிடையாது. "கீற வண்டிய கம்பெனிக்காரன் பண்ணிகினான். இல்லாத வண்டிதான் நம்ம வேல" என்பார். லைனில் யார் எதற்கு ஆசைப்பட்டாலும் அதற்கு ஒரு வேகன் தயாராகும். பக்கத்து வீட்டு மேஸ்திரி ஷிஃப்டில் படுத்துத் தூங்க ஆசைப்பட்டார், கட்டில் வேகன் வந்தது. தட்டியில் ஓட்டை போட மேஸ்திரி சம்மதித்தது அதற்குப் பிறகுதான். தண்ணீருக்கு அலைந்த பெண்களுக்குக் குழாய் வைத்த தொட்டி வேகன். மாதா கோயில் உபதேசியாருக்குக் கோபுரமும் மணியும் வைத்த கோயில் வேகன். கோபுரம் தட்டி ஓட்டையில் இடித்ததால் அதைக் கீல் போட்டு மடக்கினார். "கோயில் கோபுரம் தல குனியலாமா?" என்று உபதேசியார் கொதித்துப் போனார். "சாமி கும்புட்ற எடத்துல தல குனிஞ்சா இன்னாங்க தப்பு?" என்றார் முக்காலிஞ்சு.

புது வேகன் முடிந்ததும் அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்து நிஜ டிரக்கின் பக்கத்தில் ஒரு நாள் நிறுத்துவார். பிறந்த குழந்தையைக் கோயிலுக்குத் தூக்கிப்போகிற மாதிரி. உள்ளே கொண்டுவருவது சுலபம். வெளியே கொண்டுபோவதுதான் பாடு. தங்கச் சுரங்கம் ஆயிற்றே, கேட்டில் தலைப்பாகையை உதறி, சோற்றுத் தூக்கைத் துழாவித்தான் ஆளை விடுவார்கள். முதல் வேகனைக் கேட் காவல் ஜமேதார் சுத்தியலால் ஒரே போடு போட்டுப் பிளந்து பார்த்தார். உள்ளே பலகைதான் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு ஆணியை உருவினால் முழுசும் கழன்று விழுகிற மாதிரியே முக்காலிஞ்சு வண்டி கட்டினார். கழற்றிக் கழற்றி ஜமேதாருக்குக் கை தேர்ந்துவிட்டது. திரும்ப மாட்டிக் கொடுப்பதோடு, "கொக்கி தொளதொளன்னு கீது, மாத்து" என்று யோசனையும் சொல்வார்.

எல்லோருடைய ஆசையையும் கேட்ட மனுஷன் பெண்டாட்டியை மட்டும் கேட்கவில்லை. முனியம்மா பொறுமைசாலிதான். குழம்புக் கரண்டியில் ஈயம் உருக்கியதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஒரு நாள் முக்காலிஞ்சு அடுப்பைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு, அந்த மூலையில் வண்டிகள் நிற்க நாலு தண்டவாளம் போட்டார். அன்று மழை.

"சமைக்க ஒரு மூல கேட்டேன். அதுலயும் ரயில வுட்டுட்டியே, நீயே அதுல ஏறிக் குடும்பம் நடத்து" என்று சொல்லிவிட்டு, மாரிகுப்பத்தில் நிஜ ரயிலேறிக் குடியாத்தத்துக்குத் தாய்வீடு போய்விட்டாள்.

முக்காலிஞ்சு ஒரு வாரம் யாரையும் அளக்கவில்லை. பிறகு அடுப்பை உள்ளே கொண்டுவந்து அதன் இடத்தில் வைத்தார். அப்புறம் ஒரு சமையல் வேகன் செய்ய ஆரம்பித்தார். மண் அடுப்பு, புகைபோக்கி, உறி, பழைய விளக்கின் பித்தளைத் தகட்டில் தட்டிய ஒரு தவலை, ஒரு சின்னக் குண்டான். இரண்டையும் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் போய் அதை அவள் கையில் கொடுத்து, கூட்டிக்கொண்டு வருவதாகத் திட்டம்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல் அது பட்டறைக்கு வந்தது. சாயங்காலம் கேட்டில் ஜமேதார் ஆணியை உருவினார். தவலை உருண்டு வெயிலில் மின்னியது. ஜமேதாரின் மீசை எழுந்து நின்றது.

"இன்னாய்யா இது?"

"தவல."

"இன்னாத்துக்கு?"

"எம் பொண்டாட்டி சமைக்க."

"இந்தத் தம்மாத்தூண்டு தவலையிலயா?"

"அவளும் மூணே முக்கா இஞ்சுதானே, ஜமேதாரே."

இப்படிப் பேசுகிறவன் எதையோ மறைக்கிறான் என்று ஜமேதார் முடிவு கட்டிவிட்டார். முக்காலிஞ்சுவைக் கேட் அறையில் பூட்டி, மாதிரிக்குத் தவலையை மட்டும் சோதனைச் சாலைக்கு அனுப்பினார். தங்கம் என்று ஆகிவிட்டால் ஜெயில். வேலை போகும், லைன் வீடும் போகும். முனியம்மாவைக் கூட்டிவர வீடே இருக்காது. நான் ஜன்னல் வழியாகத் தேநீர் கொடுத்தேன். "ஞாயித்துக்கெழம வுட்ருவாங்களா, ரைட்டரே?" என்று அதை மட்டும்தான் கேட்டார்.

சேதி எந்த ரயிலில் போனதோ, மறுநாள் மத்தியானம் முனியம்மா கேட்டில் நின்றாள். இடுப்பில் துணி மூட்டை.

"யாரு ஜமேதாரு? இந்தாளா தங்கம் திருடினாரு? இவுரு கையில தங்கம் கெடச்சா வெளிய எடுத்துகினு வருவாரா? அங்கியே உருக்கி சக்கரம் ஊத்திடுவாரு! எம் மூக்குத்திய அரிசிப் பானையில ஒளிச்சி வெச்சிகினு குடும்பம் பண்ணவ நானு. என்னக் கேளு!"

அவள் பின்னாலேயே சோதனைச் சாலையிலிருந்து சீட்டு வந்தது: சுத்தப் பித்தளை. தவலை வரவில்லை. சந்தேகத்துக்கே இடம் வைக்கக் கூடாது என்று அதை முழுசாக உருக்கிவிட்டார்களாம்.

ஜமேதார் பூட்டைத் திறந்தார். குனிந்து, வேகனைத் தன் கையாலேயே மாட்டி, ஆணியைச் செருகி, முனியம்மாவிடம் நீட்டினார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுப்பைத் தொட்டாள். உறியை ஆட்டினாள்.

"பெரிய தவல பூட்ச்சி, முனிமா" என்றார் முக்காலிஞ்சு. அழுதுவிடுவார் போலிருந்தது.

அவள் குண்டானைச் சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்தாள். "போனாப் போவுது. ரெண்டு பேருக்கு இது போதும். வா, வூட்டுக்குப் போலாம்."

மூட்டையை அவர் தலையில் வைத்துவிட்டு வேகனைத் தான் ஏந்திக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். நான் பிரம்மச்சாரி. அன்று என் அறைக்குப் போய் ஒற்றை ஆளாக உலை வைத்தபோது அந்த மனுஷன் மேல் எனக்கு முதல்முறையாகப் பொறாமை வந்தது. பிரியம் அதற்கு வெகு முன்பே வந்திருந்தது.