முனியாண்டி மேட்டு மெஷின்

பதினோராவது குழியிலும் கல்தான் கிடந்தது. துருப்பிடித்த ஆணி நிறத்தில், கோழிமுட்டைப் பருமனில், பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிற கல். அங்கமுத்து அதை எடுத்து, தங்கம் தேடும் மெஷினின் வட்டத் தலைக்கு நேரே நீட்டினார். மெஷின் 'கீய்ங்' என்று கத்தியது. கல்லைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் மண்ணைக் காட்டினார். அதற்கும் அதே கத்தல்.

"உனக்குத் தங்கமும் மண்ணும் ஒண்ணா?" என்று அதன் கழுத்தைப் பிடித்து உலுக்கினார்.

ரெம்பியா ஊருக்கு உள்ளே, எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டை ஒட்டி இருந்தது அந்தச் செம்மண் மேடு. நடுவில் ஒரு முனியாண்டி கல். கீழே போகிற ஓடையில் அந்தக் காலத்துச் சீனர்கள் தங்கம் அரித்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை நம்பித்தான் அங்கமுத்து இரண்டு நாளாகச் செம்பனைக் குலை வெட்டும் வேலை முடிந்த கையோடு மண்வெட்டியும் மெஷினுமாக மேடேறிக்கொண்டிருந்தார்.

பெரிய ஆசையெல்லாம் இல்லை. ஒரு தாலி செய்கிற அளவுக்குக் கிடைத்தால் போதும். குலை வெட்டி வெட்டி அவர் தோள்பட்டை கழன்ற வருஷம், கமலவேணி தன் தாலியைக் கழற்றி வைத்தியத்துக்குக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவள் கழுத்தில் மஞ்சள் கயிறும் அதில் ஒரு மஞ்சள் துண்டும்தான். அடுத்த வாரம் அவள் தம்பி மகாலிங்கத்தின் மகள் தர்மினிக்குத் தெங்கேராவில் கல்யாணம். அத்தைக்காரி முன்னால் நின்று சீர்த்தட்டு தூக்க வேண்டும். சொந்தம் அத்தனையும் முதலில் கழுத்தைத்தான் பார்க்கும்.

மெஷின் மகாலிங்கத்துடையது. ஆயர் குரோ தொழிற்சாலையில் வேலை செய்கிறவன், போனில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியது. பத்திரிகை வைக்க வந்த அன்று காரின் பின்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

"மாமா, உங்க மண்ணுல இரும்பு ஜாஸ்தி. சும்மா சும்மா கத்தும். கத்துனா பயப்படாதீங்க, தலையை மண்ணுக்கு மேல ஏத்தி ஏத்தி இறக்குங்க. மண்ணைப் படிச்சுக்கிட்டு அடங்கிரும்லா."

அதற்குப் பிறகு போன் பண்ணினால் எடுப்பதில்லை. கல்யாண வீட்டுக்காரன்.

அங்கமுத்து முனியாண்டி கல்லுக்கு எதிரே நின்று மெஷினை ஏற்றி இறக்கினார். ஏற்றினார், இறக்கினார். கைப்பிடியில் இருந்த சின்னக் கண்ணாடித் திரையில் 38 என்று வந்தது. அடுத்து 07.

"என்னாண்ணே, முனிக்குத் தீபாராதனையா?"

கீரை பறிக்க வந்த பக்கத்து வீட்டுக் காளியம்மா. தங்கம் என்று இவள் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் அலோர் காஜா வரைக்கும் போய்விடும்.

"ஆமா காளியம்மா. சாமி காரியம்" என்றார் அவசரமாக.

அவள் கண்ணாடியை எட்டிப் பார்த்தாள். உதடு அசைந்தது. கீரையை மறந்துவிட்டு இறங்கிப் போனாள்.

புதன்கிழமை நாலு நம்பர் லாட்டரியில் 3807-க்குப் பரிசு விழுந்தது.

வியாழக்கிழமை அங்கமுத்து மேட்டுக்குப் போனபோது முப்பது பேர் இருந்தார்கள். எலுமிச்சம்பழம், சுருட்டு, கறுப்புப் பீர், ஒரு சேவல். கோயில் தலைவர் தம்புசாமி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வா தம்பி. குளிச்சிட்டுத்தானே வந்த?"

உண்மையைச் சொல்லி இவர்களைக் கிளப்பிவிடலாம் என்று நினைத்தார் அங்கமுத்து. "தலைவரே, இது தங்கம் தேடுற மெஷின். நான் தங்கம் தேடுறேன். சாமியும் இல்ல, பூதமும் இல்ல."

கூட்டம் ஒரு கணம் யோசித்தது.

"பார்த்தீங்களா?" என்றாள் காளியம்மா. "சாமி வாயைக் கட்டிருச்சு. இவ்வளவு நாளா இல்லாத தங்கம் இன்னைக்கு வந்துருச்சாம்!"

"நம்மகிட்ட மறைக்கிறான்லா" என்றார் தம்புசாமி பெருமையாக. "உண்மையான அருள் வந்தவன் ஒத்துக்கவே மாட்டான்."

சரி, இவர்கள் பாட்டுக்கு இருக்கட்டும், நாம் தேடுவோம் என்று மெஷினை வீசினால், அது வளையலுக்குக் கத்தியது, சாவிக்கொத்துக்குக் கத்தியது, தம்புசாமியின் பெல்ட்டுக்கு அலறியது.

"எல்லாத்தையும் கழட்டி அந்தப் பக்கம் வைங்க! உடம்புல ஒரு பொட்டு இரும்பு இருக்கக் கூடாது!"

கூட்டத்தைத் துரத்தத்தான் சொன்னார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சாமி சுத்தம் கேட்கிறது! ஐந்து நிமிஷத்தில் வளையல், கொலுசு, கடிகாரம் எல்லாம் செம்பனை மரத்தடியில் குவிந்தன. தம்புசாமி ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் எழுதத் தயாராக நின்றார். அடுத்த நாள் எல்லாரும் கறி சாப்பிடாமல் வந்தார்கள். கூட்டம் இரண்டு மடங்கு.

61 என்றது மெஷின். பிறகு 44.

சனிக்கிழமை அதுவும் விழுந்தது.

சனிக்கிழமை ராத்திரியே மேட்டைச் சுற்றி மஞ்சள் துணி கட்டிவிட்டார்கள். ஞாயிறு காலையில் அங்கமுத்து தோண்டிய குழிகளுக்குள் சிமெண்ட் கொட்டிக் கொட்டகைக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, எங்கே தோண்டுறதுன்னு தெரியாம இருந்தோம். நீயே அளந்து தோண்டி வச்சிருக்கியே!" என்று தம்புசாமி கண் கலங்கினார்.

மேட்டில் இனி ஒரு கரண்டி மண் எடுக்க முடியாது. மிச்சம் இருந்தது, அவர் வீட்டுப் பின்கட்டுச் செம்மண்தான். மனசு கேட்காமல் அங்கே கொண்டுபோய் மெஷினை வைத்தார்.

29, என்றது. 15, என்றது. மறுபடியும் 29. மறுபடியும் 15. வேறு எண்ணே வரவில்லை. எங்கே வைத்தாலும் அதே இரண்டும்தான்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கமலவேணி கிட்டே வந்தாள். இதுவரை இந்த விஷயத்தில் அவள் வாய் திறந்ததில்லை.

"ஏங்க, ஊரே வாங்குது. இது நம்ம வீட்டுல வந்த நம்பரு. ஒரே ஒரு தடவ வாங்கிப் பார்ப்போமா?"

"உனக்குமா கமலா?" அங்கமுத்துவுக்கு ஆத்திரம் பொங்கியது. "இந்தக் கத்தலுக்குக் காரணம் மண்ணுல இருக்கிற இரும்பு. உன் தம்பி படிச்சவன், அவனே சொன்னான். இப்பப் பாரு!"

தோளில் வலி தெறிக்கத் தெறிக்கத் தோண்டினார். முழங்கால் ஆழத்தில் 'டங்' என்றது. கமலவேணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வந்தது, பிடி போன பழைய மண்வெட்டித் தகடு.

"இரும்பு!" என்று அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். தங்கமே கிடைத்தது போல ஒரு சிரிப்பு. "பார்த்தியா? இரும்பு இருந்துச்சு, கத்துச்சு. அவ்வளவுதான்! எந்த முனியும் எனக்கு நம்பர் கொடுக்கல!"

அவள் எண்ணை எழுதி வைத்திருந்த சீட்டை அவரே வாங்கிக் கிழித்துக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினார்.

சாயங்காலம் காளியம்மா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து போனை நீட்டிக் காட்டினாள். "என்னாண்ணே, இன்னைக்கு மேட்டுக்கு மெஷினைக் கொண்டு வரவே இல்ல? யாருக்கும் ஒண்ணும் விழல. முதல் பரிசு 2915 ஆம்."

கமலவேணி முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள்.

"தற்செயல் கமலா" என்றார் அங்கமுத்து. "சத்தியமாத் தற்செயல். அது வெறும் மெஷின். மண்ணுல இரும்பு இருந்தா கத்தும். சாமியா வந்து கத்தும்? உன் தம்பியையே கேளு, விளக்கமாச் சொல்லுவான்."

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் கார் வந்து நின்றது. மகாலிங்கம்தான். கல்யாண அலைச்சலில் கண் சிவந்து, கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஏதோ கறுப்பாக வைத்துக்கொண்டு, தலையைச் சொறிந்தபடி உள்ளே வந்தான்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு மெஷினை மட்டும் கொடுத்துட்டு, சார்ஜ்ல போட்டிருந்த பேட்டரியை உள்ள வைக்க மறந்தே போயிட்டேன். பாவம், ஒரு வாரமா அது சும்மாதானே கிடந்திருக்கும்?"