மத்தியானச் சுமை

பேட்டரியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு யுகேந்திரன் வீட்டின் பக்கவாட்டில் திரும்பியபோது, படுக்கையறைச் சன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"யாரு அங்க?"

"பூனைய விரட்டுறேன்."

"சரி, விரட்டுங்க."

கட்டில் கிறீச்சிட்டது. உஷாராணி திரும்பிப் படுத்துவிட்டாள். யுகேந்திரன் மறுபடி நடந்தார். வீட்டுக்குள் புகுந்து போனால் பின்பக்கத்து ஸ்டோர் அறை நாலே எட்டு. ஆனால் அவள் கண்ணில் படாமல் போக வேண்டுமானால் பின்சந்து வழியாகச் சுற்றி, சாக்கடையைத் தாண்டி, பக்கத்து வீட்டு வாசுவின் வேலியை ஒட்டிப் போக வேண்டும். அந்த வழியில் பேட்டரி ஒவ்வோர் அடிக்கும் கனம் கூடியது.

இத்தனை மறைவும் ஒரு பழைய பிக்கப்புக்காக. தினமும் விடியும் முன் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளுக்கு உஷாராணி அரைத்த இட்லி மாவை வாளி வாளியாகச் சுமந்து போவது அதுதான். ஆயுத பூஜை முடிந்து கொஞ்ச நாளில் அது பிரிக்பீல்ட்ஸ் நடுரோட்டில் நின்றுபோனது. வெயில் ஏற ஏற மாவு பொங்கி மூடிகளைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தது. அன்றைக்கே உஷாராணி சொல்லிவிட்டாள், இன்னொரு தடவை நின்றால் வண்டி டெங்கில் ஊர் விமலனுக்கு என்று. விமலனுக்கு அங்கே செம்பனைத் தோட்டம். அவனுக்கு அந்த வண்டிமேல் ரொம்ப நாளாக ஒரு கண்.

யுகேந்திரனால் அதைத் தாங்க முடியாது. அந்த வீட்டில் அவர் சொல்லித் திரும்புகிற ஒரே பொருள் அந்த ஸ்டியரிங்தான்.

ஆகவே வோல்ட் அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கினார். வீடியோ பார்த்துப் படித்தார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் பதினாலு வோல்ட் காட்ட வேண்டும். இங்கே பன்னிரண்டைத் தாண்ட மறுத்தது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டருக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று அவரே தீர்ப்பு எழுதினார். அதை மாற்றப்போனால் விஷயம் உஷாராணிக்குத் தெரிந்துவிடும். அதனால் வெளியே சொல்லவில்லை. அவள் மத்தியானம் தூங்கும்போது பேட்டரியைக் கழற்றி ஸ்டோரில் சார்ஜ் போடுவது, சாயங்காலம் அவள் கோயிலுக்குப் போனதும் தூக்கி வந்து மாட்டுவது. வழியில் ஏர்கான் கிடையாது, ரேடியோ கிடையாது. காலைக் காற்று உடம்புக்கு நல்லது என்று அவளிடம் சொல்லிவைத்தார்.

ரகசியத்தைக் காத்தாரே தவிர, படித்ததைக் காக்க முடியவில்லை. ஒரு நாள் டீ குடிக்கும்போது உஷாராணிக்குப் பாடமே நடத்திவிட்டார். பேட்டரிக்குக் கரண்ட் போனால் மட்டும் போதாது, இரும்பு வழியாகத் திரும்பி வரவும் வேண்டும். மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்நேட்டர் உடம்பிலும் இன்னொன்றை பேட்டரி மைனஸிலும் வைத்தால் முள் அசையவே கூடாது. அசைந்தால் வழியில் அடைப்பு. அவள் உளுந்து களைந்துகொண்டே உம் கொட்டினாள். அவரோ அந்தச் சோதனையைச் செய்துகூடப் பார்த்ததில்லை. பூஜைக்குத் தன் கையால் துடைத்து, பெயிண்டும் அடித்து வைத்த இடத்தில் அடைப்பு எப்படி வரும்?

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு மத்தியானம் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து உஷாராணியின் தங்கை குடும்பத்தோடு வந்து இறங்கி, இருட்டும்வரை உட்கார்ந்துவிட்டாள். பேட்டரியைத் தொட முடியவில்லை.

மறுநாள் முருகனை நினைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினார். வண்டி ஒரே உறுமலில் கிளம்பியது. ஃபெடரல் ஹைவேயில் மழை. லைட், வைப்பர் இரண்டும் ஓடின. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உஷாராணி கையை நீட்டி ஏர்கானைப் போட்டாள். ரேடியோவையும் போட்டாள். அந்தக் குளிரில் யுகேந்திரனுக்கு வியர்த்தது. மாவை இறக்கிவிட்டு வந்தும் வண்டி கிளம்பியது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, இன்ஜினை அணைக்காமலே பானட்டைத் திறந்து மீட்டரை வைத்தார். பதினாலும் சொச்சமும். இன்ஜினை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். பூஜைக்காக ஆல்டர்நேட்டரையே கழற்றி, அதன் அடியில் இருந்த இரும்புத் தாங்கிக்கு அவர் அடித்திருந்த வெள்ளிப் பெயிண்டில், இரண்டும் தொடுகிற இடம் மட்டும் மணல்தாளால் தேய்க்கப்பட்டுப் பளபளத்தது.

"உஷா, இத யாரு சுரண்டினது?"

"நான்தான். வாசு அண்ணன் போல்ட்ட லூஸ் பண்ணிக் குடுத்தாரு, நான் தேச்சேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே டீ குடிக்கிறப்போ சொன்னீங்க. வச்சுப் பார்த்தேன், மீட்டர் ரெண்டு காட்டுச்சு. பெயிண்டுக்குள்ள எப்படிங்க கரண்ட் வரும்?"

"எப்ப?"

"போன மாசம் லா. நீங்க முடி வெட்டப் போனப்ப."

யுகேந்திரன் மட்கார்டைப் பிடித்துக்கொண்டார். "அப்ப இத்தன நாளா நான் தூக்கினது?"

உஷாராணி கையைத் துடைத்துக்கொண்டாள். "சுகர் நல்லா எறங்கியிருக்கே, என்ன செய்றீங்கன்னு கிளினிக்ல டாக்டர் கேட்டாருல்ல. என்ன சொன்னீங்க?"

"தினமும் நடக்கிறேன்னு சொன்னேன்."

"பொய் இல்லையே."

டாக்டர் நடக்கச் சொன்ன அன்று வாங்கிய சப்பாத்து ஜோடி அலமாரியின் மேல் பெட்டி பிரிக்காமல் கிடந்தது அவர் நினைவுக்கு வந்தது.

"வண்டிய எடுத்துக்க விமலன் என்னைக்கு வரான்?" என்று மெல்லக் கேட்டார்.

விமலனிடம் வண்டி விற்பனைக்கு இல்லை என்று அந்த வாரமே போன் போட்டுச் சொல்லிவிட்டாளாம். சொல்லிவிட்டு அவள் அரிசி ஊறப்போடப் போனாள்.

கோபப்பட வேண்டும் என்றுதான் யுகேந்திரன் நினைத்தார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. வண்டி இருக்கிறது. சுகர் இறங்கியிருக்கிறது. பெயிண்ட் விஷயத்தை அவள் தங்கை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேற்று இருட்டும்வரை அத்தனை பேர் உட்கார்ந்திருந்தும் சொல்லவில்லை. இன்ஜின் சூடு ஆறும்வரை வண்டியை ஒட்டியே நின்றிருந்தார்.

மத்தியானம் உஷாராணி படுத்த பிறகு, யுகேந்திரன் பெட்டியைப் பிரித்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். பேட்டரியைக் கழற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பினார்.

"யாரு அங்க?"

"பூனை."

"விரட்டுங்க."

பின்சந்து வழியாகச் சுற்றி, சாக்கடையைத் தாண்டி, வாசுவின் வேலியை ஒட்டி அவர் வந்து சேர்ந்தபோது ஸ்டோர் கதவு திறந்திருந்தது. அது காற்றில் மூடிக்கொள்ளாதபடி, கழுவிக் கவிழ்த்த மாவு வாளி ஒன்று முட்டுக்கொடுத்து வைக்கப்பட்டிருந்தது.